சாவோ மிகேல் தீவுக்கு உங்களைக் கூட்டிப்போனவள்

என் அன்புள்ள இஞ்சாருங்கோவுக்கு,

முப்பத்தொரு வருடமாக உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். ஒரே ஒருமுறை தவிர, உங்கள் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வந்ததேயில்லை. இப்போது அந்தப் பெயர் இந்த நினைவு மலரின் அட்டையில் பெரிய எழுத்தில் வரப்போகிறது. உள்ளே மனைவிக்கென்று இரண்டு பக்கம் விட்டிருக்கிறார்கள். "நாலு வரி எழுதித் தாங்கோ அன்ரி, மிச்சத்தை நாங்கள் வடிவாப் போடுவம்" என்று அச்சகத்துப் பிள்ளை தொலைபேசியில் சொன்னாள். நாலு வரியில் முடிகிற கதையா நம்முடையது?

நீங்கள் போய் ஒரு வருடம் முடியும் ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அன்றைக்கு இந்த மலரை வாங்கி வாசிக்கப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் செத்தவீட்டில் நின்றவர்கள். எங்கள் மகள் மதுரா அன்று என்னிடம் கேட்ட கேள்வி அவர்களுக்கு மறந்திருக்காது. உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில், வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு நின்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஜூலையில ட்ரீட்மென்ட் டேட் இருந்ததுதானே அம்மா. உந்தத் தண்ணிக்காக ஏன் அவரை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனீங்கள்?"

நான் பதில் சொல்லவில்லை. நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ பூவுக்கும் பட்டு வேட்டிக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள்.

அதன் பிறகு பல மாதம் மதுரா என்னோடு கதைக்கவேயில்லை.

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்கிறேன் என்று சலிக்காதையுங்கோ.

நீங்கள் இந்த ரொறன்ரோ நகரத்தில் இருபத்துநாலு வருடம் பஸ் ஓட்டினீர்கள். ஒரு விபத்து இல்லை, ஒரு முறைப்பாடு இல்லை. ஆனால் உங்கள் மனம் பஸ்ஸில் இருந்ததா என்றால், முழுக்க இல்லை. வழித்தடம் முடிகிற இடத்தில் பத்து நிமிட ஓய்வு கிடைத்தால் சாப்பாட்டுப் பையிலிருந்து பைனாகுலரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவீர்கள். ஏரிக்கரைப் பாறைகளில் எந்தக் கிழமை எந்தப் பறவை வந்து இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் ஆறாம் மாடி வீட்டுப் பல்கனியில் நின்று, "புவனா, கெதியா வாரும், கெதியா" என்று கூப்பிடுவீர்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அது பறந்துவிடும். முப்பத்தொரு வருடத்தில் நீங்கள் காட்டிய பறவைகளில் நான் பார்த்தது பத்துக்கூட இராது.

போன வருடம் மாசி மாதம் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். முதல் மருந்து ஏற்றினார்கள். மயிர் கொட்டியது, இருபது கிலோ குறைந்தது, கட்டி குறையவில்லை. மே மாதம் அடுத்த சந்திப்பு வந்தது. முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்கு அன்று காலை வேலை. லீவு எடுக்கிறேன் என்றேன். "உமக்கேன் வேலை கெடுவான்? நான் தனியப் போட்டு வாறன்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனீர்கள்.

பின்னேரம் நான் வந்தபோது தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். "ரெண்டு மாசம் ஓய்வாம். உடம்பு தேறினாப்பிறகு ஜூலையில அடுத்த மருந்து தொடங்குவினமாம். அதுக்குள்ள எங்கையாவது ஹொலிடே போகச் சொன்னவை" என்றீர்கள். சொல்லும்போது பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். முகத்தை நான் பார்க்கவில்லை.

நான் நம்பினேன். நம்பாமல் இருந்திருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்கலாம். இவ்வளவு முற்றின வருத்தக்காரனை எந்த டொக்டர் உல்லாசப் பயணம் அனுப்புவான்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. இல்லை, தோன்றக்கூடாது என்று நானே வழியை மறித்துக்கொண்டு நின்றேனோ?

என்னோடு குசினியில் வேலை செய்யும் பிலோமினா, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் அசோரஸ் தீவுகளில் பிறந்தவள். போர்த்துக்கலுக்குச் சொந்தமான எரிமலைத் தீவுகள். அங்கே நிலத்துக்குள்ளிருந்து கொதித்து வரும் தண்ணீரில் இருபத்திரண்டு வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய்க்கு, தன் மாமா தடியோடு போய்த் தடியில்லாமல் வந்தார் என்று வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள். எனக்கு அது போதும். இரண்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தத் தண்ணீரில் குளித்து, உங்கள் உடம்பு தேறிவிடும். ஜூலையில் மருந்து பிடிக்கும். இரண்டு மாதம் முடியாது, ஒரு கிழமையாவது. நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

அந்தத் தீவுகளில் ஒன்றுக்குப் போவோம் என்றதும் நீங்கள் ஒரு மறுப்பும் சொல்லாமல் ஓம் என்றீர்கள். எனக்கு ஆச்சரியம். எங்கேயும் போக மாட்டேன் என்று சாதிக்கிற ஆள் அல்லவா? டிக்கெட் வந்த அன்று அதில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"சாவோ மிகேல். சாவோ? அங்கையோ என்னைக் கூட்டிக்கொண்டு போறீர்?"

"வாயைக் கழுவுங்கோ" என்று கத்தினேன். அதன் பிறகு நான் அந்தத் தீவை மிகேல் தீவு என்று மட்டுமே சொன்னேன்.

ஒரு ஜூன் மாதக் காலையில் போய் இறங்கினோம். வெள்ளைச் சுவரும் கறுப்புக் கல்லுமாகக் கிறிஸ்தவக் கோயில்கள், வேலிக்கு வேலி நீலப் பூக்கள், மலைச்சரிவில் மேய்கிற மாடுகள். மழை பெய்தது, வெயில் எறித்தது, மறுபடி மழை பெய்தது. நாங்கள் தங்கிய ஃபூர்னாஸ் கிராமம் ஒரு பழைய எரிமலையின் வாய்க்குள்ளேயே இருந்தது. தெருவோரத்தில் நிலம் புகைந்தது. அடுப்பில் வைத்த சட்டிபோல மண்ணுக்குள் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் காரிலிருந்து இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலை நிலத்தில் வைத்துப் பார்த்தீர்கள். "சுடுது புவனா. உயிரோட இருக்கிற மண்" என்றீர்கள்.

வீட்டுக்காரி லூர்தெஸ் அறுபது வயதுக்காரி. ரொறன்ரோவில் பல வருடம் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துவிட்டு ஊர் திரும்பியவள். அதனால் ஆங்கிலம் கதைத்தாள். "எங்கட ஊரிலையும் லூர்து மாதா இருக்கிறா" என்று நீங்கள் சொன்னதும் அவளுக்கு உங்களைப் பிடித்துவிட்டது. முதல் நாளே அவளைக் கேட்டேன், வயிற்றுக்கு எந்தத் தண்ணீர் என்று. அவள் உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு குழாயைக் காட்டினாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு நாள்தோறும் அதே வேலை. விடிந்ததும் எழுப்பினேன். இரும்பு மணக்கும் தண்ணீர், புளிக்கிற தண்ணீர், முட்டை அழுகின மாதிரி மணக்கும் தண்ணீர் என்று குழாய் குழாயாகக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை. நீங்கள் குமட்டினாலும் விடவில்லை. மண்ணிறச் சுடுகுளத்தில் கழுத்துவரை இறக்கி உட்கார வைத்தேன். "என்னப்பா, தேத்தண்ணிக்குள்ள பிஸ்கட் தோய்க்கிற மாதிரித் தோய்க்கிறீர். நேரம் பிந்தினா உடைஞ்சு விழப்போறன்" என்றீர்கள். பக்கத்தில் குளித்த வெள்ளைக்காரர்கள் நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று பார்த்தார்கள். நான் சிரித்தேனா? சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம் இருக்க வேண்டும் என்றேன்.

இரண்டாம் நாள் கேட்டீர்கள். "கிழக்குப் பக்கம் ஒரு காடு இருக்காம். அதில ஒரு குருவி. உலகத்தில வேற எங்கையும் இல்லை, இந்தத் தீவின்ரை அந்த மூலையில மட்டும்தானாம். ஒருக்காப் போவமே?"

"ஜூலை மருந்து முடியட்டும். பேந்து ஆறுதலா வருவம்" என்றேன்.

மூன்றாம் நாளும் கேட்டீர்கள். நான் அதையே சொன்னேன்.

நான்காம் நாள் ஞாயிறு. அந்த ஊரில் பரிசுத்த ஆவிக்குத் திருவிழா. லூர்தெஸ் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். மண்டபம் முழுக்க நீட்டு மேசைகள். வந்தவன் யார், எவன் என்று கேட்பதில்லை, உட்கார்ந்த எல்லோருக்கும் சாப்பாடு. எங்கள் அன்னதானம்போல. பாண் ரொட்டியின் மேல் கொதிக்கக் கொதிக்க இறைச்சிச் சாறை ஊற்றி, புதினா போட்டுத் தந்தார்கள். மூன்று மாதமாக நாலு கரண்டி கஞ்சிக்கு மேல் இறங்காத உங்களுக்கு ஒரு கோப்பை முழுக்க இறங்கியது. இரண்டாவது தரமும் கேட்டீர்கள். முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை. நான் என்ன செய்தேன்?

"கொழுப்பு! கணையத்துக்குக் கூடாது!" என்று கோப்பையைப் பிடித்து இழுத்தேன். சாறு மேசைத் துணியில் கொட்டியது.

"விடு, சாப்பிடட்டும்" என்றாள் லூர்தெஸ்.

"உனக்கென்ன தெரியும்?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

மேசையில் எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் கோப்பையைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அந்தக் கையை நான் மறப்பது எப்படி? சொல்லுங்கோ.

ஐந்தாம் நாள் காலையில் குழாயில் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தேன். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. தலையணையில் ஒரு துண்டுக் கடிதம். "குருவி பாக்கப் போறன். மனுவேல் கூட்டிக்கொண்டு போறார். பயப்படாதையும்." மனுவேல் லூர்தெஸின் தம்பி, ஒரு பழைய வான் வண்டி வைத்திருந்தான். உங்கள் மருந்துப்பெட்டி மேசையில் இருந்தது. வெளியே பார்த்தால் மலையைக் காணவில்லை. பனிமூட்டம் தெருவரை இறங்கியிருந்தது.

லூர்தெஸ் தன் காரில் என்னை ஏற்றினாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓட்டம். உங்கள் தொலைபேசிக்கு எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். காட்டு வாசலில் வான் நின்றது. மனுவேல் உள்ளே வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். தனியாகப் போக வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம், போய் ஒன்றரை மணி நேரமாம், கையால் மேலே காட்டினான்.

ஏறினேன். சேறு. இரண்டு பக்கமும் பாசி பிடித்த மரங்கள். ஐந்தடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத வெள்ளை. "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். அந்தக் காட்டுக்கு அது யாருடைய பெயர் என்று எப்படித் தெரியும்? விழுந்தேன், முழங்கால் கிழிந்தது. நீங்கள் எங்கோ பள்ளத்தில் கிடக்கிறீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"சிவநேசன்! சிவநேசன்!"

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

பத்தடி மேலே, மூட்டம் விலகிய இடத்தில், ஒரு மரக்குற்றியில் நீங்கள் இருந்தீர்கள். மழைச் சட்டை நனைந்து, பைனாகுலர் கண்ணில். என் சத்தத்தில் உங்களுக்கு முன்னாலிருந்த செடி ஒருதரம் அசைந்தது. சாம்பலும் கறுப்புமாக ஏதோ ஒன்று மூட்டத்துக்குள் போனது.

"போட்டுது" என்றீர்கள்.

ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்து, அது வந்து உட்கார்ந்த நிமிடத்தில் நான் கத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்கள்?"

"கொஞ்ச நேரம். எனக்கு அது போதும்." பிறகு என் முழங்காலைப் பார்த்தீர்கள். "இரத்தம் வருது. இதில இரும்."

நான் இருக்கவில்லை. திட்டினேன். இந்த உடம்போடு மழைக்குள் வந்து காய்ச்சல் பிடித்தால் என்ன செய்வது, ஜூலைக்கு எப்படி உடம்பு தாங்கும், எனக்கு என்ன பாவம் செய்கிறீர்கள் என்று யோசித்தீர்களா என்று கேட்டேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"புவனா. ஜூலையில ஒண்டும் இல்லை."

"என்ன ஒண்டும் இல்லை?"

"மருந்து. வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். மே மாசம் தனியப் போனன் எல்லோ, அண்டைக்கே கையெழுத்தும் வைச்சிட்டு வந்தனான்."

நான் உங்கள் தோளில் அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். நனைந்த சட்டையில் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. காலைப் பிடித்தேன். இன்றைக்கே விமானம் மாற்றுவோம், டொக்டரிடம் போவோம், மனம் மாறிவிட்டது என்று சொல்லுங்கோ என்று அந்தச் சேற்றில் இருந்து கெஞ்சினேன். "மதுராவின்ரை பிள்ளையைப் பாக்க வேண்டாமோ?" என்று கேட்டேன். என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

உங்கள் முகம் அப்போது மாறியது.

"பாக்க வேணும் எண்டுதான் டொக்டரைக் கேட்டனான். அந்த மருந்து ஏத்தினாலும் பிள்ளை பிறக்குமட்டும் இருப்பன் எண்டு அவரால சொல்ல ஏலாதாம். முந்தி ஏத்தினதைவிட இது பொல்லாததாம். நான் வாளிக்குள்ள சத்தியெடுத்துக்கொண்டு சாக விரும்பேல்லையப்பா. உம்மோட நாலு இடம் பாத்திட்டுப் போறன் எண்டு நினைச்சன். நீர் என்னைக் குழாய் குழாயாக் கொண்டு திரியிறீர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா இஞ்ச வந்திருப்பீரோ?"

வந்திருக்க மாட்டேன். அது உண்மை.

அதன் பிறகுதான் அந்தச் சத்தியத்தைக் கேட்டீர்கள். "மதுராவுக்கு இது தெரியக்கூடாது. வயித்தில பிள்ளையோட இருக்கிறாள். தன்ரை பிள்ளையைப் பாக்க அப்பா கொஞ்சம் முயற்சியாவது செய்யேல்லை எண்டு நினைப்பாள். அந்த நினைப்போட அவள் பிள்ளை பெறக்கூடாது. என்னில அடிச்சுச் சொல்லும்."

உங்கள் கையில் கையை வைத்துச் சொன்னேன்.

மிச்சம் இரண்டு நாள். அந்த இரண்டு நாள்தான் நாங்கள் தீவு பார்த்தோம். கொதிக்கிற ஊற்றில் சாக்கோடு இறக்கி அவித்த சோளப்பொத்தி தின்றோம். ஏரிக்கரையில் காலையில் மண்ணுக்குள் புதைத்த சட்டிகளை மத்தியானம் தோண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வடக்குக் கரையில் ஒரு தேயிலைத் தோட்டம். நீங்கள் செடிக்குப் பக்கத்தில் குந்தி இலையைத் தடவினீர்கள். "இலங்கையில பிறந்து, மலைநாட்டுப் பக்கம் தலை வைச்சும் படுக்கேல்லை. தேயிலைச் செடியை இஞ்சதான் முதல் முதல் பாக்கிறன்" என்றீர்கள். கடல் கறுப்பு மணலில் வந்து அடித்தது. நான் அழுதுகொண்டே நடந்தேன், நீங்கள் கதை சொல்லிக்கொண்டே நடந்தீர்கள். லூர்தெஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, தன் புருஷனுக்கும் அதே தண்ணீரைத்தான் கொடுத்ததாகவும், அவரும் போய்விட்டதாகவும் சொன்னாள்.

ஆனாலும் வெளிக்கிடுகிற அன்று நான் ஒரு போத்தல் நிரப்பிப் பெட்டிக்குள் ஒளித்தேன். வெக்ஸ்போர்ட் வந்து உங்கள் தேநீரில் கலந்தேன். உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். "தேத்தண்ணி இண்டைக்கு ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டுக் குடித்து முடித்தீர்கள்.

ஜூலை பிறந்தது. மதுரா வந்து மருந்துக்குத் தேதி என்ன என்று கேட்டாள். நீங்கள் சாய்மானக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள், "நாங்கள் தீவில நிக்கேக்க தேதி குடுக்கக் கூப்பிட்டவையாம் பிள்ளை. தவறிப்போச்சு." மதுரா உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல் என் தலையில் வந்து விழும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவசரத்தில் வாயில் வந்த பொய்யா? இல்லை, இவள் தாங்குவாள் என்று எண்ணினீர்களா? ஒரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் படத்தின் முன்னால் விளக்கேற்றும்போது சில நாள் கோபத்தில் நெருப்புப்பெட்டியை எறிந்திருக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் போனீர்கள். வலி இருக்கவில்லை. என் கை உங்கள் கைக்குள் இருந்தது.

செப்டம்பரில் உங்களுக்குப் பேரன் பிறந்தான். ஆதவன் என்று பெயர். மருமகன் எனக்குப் படம் அனுப்புவார், மதுராவுக்குத் தெரியாமல். உங்கள் காது அவனுக்கு. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், துடக்குக் கழுவும் அன்று, சாமான்கள் வாங்கிக்கொண்டு யூனியன்வில்லில் அவள் வீட்டுக்குப் போனேன். மருமகன் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, "அவ நித்திரை மாமி" என்று நிலத்தைப் பார்த்தார். உள்ளே அவள் பிள்ளையோடு கதைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

தை மாதம் முழுக்க என் ஓய்வு நாட்களில் இரண்டு பஸ் மாறிப் போனேன். அவள் வீட்டுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பில் நிற்பேன். மத்தியானத்தில் ஒருதரம் யன்னல் சீலையை விலக்கிப் பிள்ளைக்குப் பனி காட்டுவாள். அதற்காகத்தான். கால் விறைத்து, ஒருநாள் ஏற வந்த பஸ்ஸில் ஏற முடியாமல் விழுந்தேன். ட்ரைவர் இறங்கிவந்து தூக்கினார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

வேலையை விட்டுவிட்டேன். சமைப்பதில்லை. இந்த ஆறாம் மாடியில் பல்கனிக் கதவைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டு அன்ரியிடம் கொடுத்து வைத்திருந்தேன். ஏன் என்று அவ கேட்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் சத்தியம் என்னை அந்தக் கதவுவரை கொண்டுபோனது.

போன செவ்வாய்க்கிழமை, யோசிக்காமல் எழும்பிப் போனேன். பஸ் தரிப்பில் நிற்கவில்லை. நேரே போய் மணியை அடித்தேன். மதுராவே திறந்தாள். பிள்ளை இடுப்பில்.

"அம்மா, ப்ளீஸ். ஐ கான்ட் டூ திஸ் டுடே."

"நான் உள்ள வரேல்லை. ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். சொல்லி முடியுமட்டும் கதவைச் சாத்தாதை."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதத்துக் கையெழுத்து, காடு, நீங்கள் கேட்ட சத்தியம். கோப்பையை இழுத்ததையும் சொன்னேன், அதை அவளுக்கு மறைத்து நான் நல்லவளாக வேண்டாம் என்று. பிள்ளை என் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

முடிந்ததும் கேட்டாள். "அப்ப அப்பா ட்ரை பண்ணவே இல்லையா? ஆதவனுக்காகக்கூட?"

நீங்கள் பயந்த அதே கேள்வி. அச்சொட்டாக அதே கேள்வி. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வாளியைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஏற்கவில்லை.

"ஒரு வருஷம், அம்மா. ஒரு வருஷம் நான் உங்களை... ஹவ் குட் ஹி? அப்பா எப்பிடி எங்களுக்கு இப்பிடிச் செய்யலாம்?"

பிறகு பிள்ளையை என்னிடம் நீட்டினாள். மன்னித்து நீட்டியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தைப் பொத்தி அழ அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் அவன் என் கையில் இருந்தான். நல்ல பாரம். கழுத்தில் பால் மணம். நான் அவனை இறுக்கவும் பயந்து, தளர்த்தவும் பயந்து, அந்த வாசலில் அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. போங்கோ என்றும் சொல்லவில்லை. கதவை மெல்லச் சாத்தினாள்.

நேற்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். எல்லோருக்கும் முன்னால் நான் கேட்டேன், எல்லோருக்கும் முன்னால் நீங்கள் பதில் எழுதுங்கள் என்று. அதனால்தான் இந்தக் கடிதம் மலரில் வருகிறது. அவள் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேனோ தெரியாது. என்னைப் பற்றி நாலு பேர் நினைப்பது மாற வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க முடியாது.

உங்கள் கையில் அடித்துச் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். பிள்ளை பெறும்வரை காத்தேன், அதற்குமேல் முடியவில்லை. இப்போது அவளுடைய கோபம் உங்களில். பதில் சொல்ல நீங்கள் இல்லை. இது உங்களுக்கு நான் செய்த துரோகமா, அவளுக்கு நீங்கள் செய்ததா? எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அவளை உங்களிடமிருந்தும் பிரித்துவிட்டேனோ?

ஒரு வாக்குத் தருகிறேன், இதை உடைக்க மாட்டேன். மதுரா ஒருநாள் உங்களைத் திட்டுவதற்காகவாவது இந்த ஆறாம் மாடிக்கு வருவாள். வரட்டும். நான் உங்களுக்காக வாதாடப் போவதில்லை. அவள் திட்டி முடியும்வரை பக்கத்தில் இருப்பேன். கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். இனி உங்களைக் காப்பாற்றுவதற்காகக்கூட எங்கள் பிள்ளையிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். அவள் வரும்வரை உயிரோடு இருப்பேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோபிக்காதையுங்கோ.

முப்பத்தொரு வருடம் உங்கள் சொல் கேட்டவள், ஒருமுறை கேட்காதவள்,
உங்கள் மனைவி,
மதுராவின் அம்மா,
புவனா